தலையணை வாங்கும் முன் ஒரு துண்டை மடித்துப் பாருங்கள்

கழுத்து வலி என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு தலையணை வைத்தியம் வந்துவிடும். "தலகாணியே வைக்காதே, தானாச் சரியாப் போயிடும்" என்பார் ஒருவர். "மெடிக்கல்ல செர்விக்கல் பில்லோ வச்சிருக்காங்க, அதை வாங்கிப் போடு" என்பார் இன்னொருவர். இலவம் பஞ்சைத் தவிர மற்றதெல்லாம் உடம்புக்குச் சூடு என்பார் பெரியம்மா. மெமரி ஃபோமுக்கு மாறியதிலிருந்து வலியே இல்லை என்பார் அலுவலகத் தோழி. இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கழுத்துக்கு அது கேட்டிருக்கிறது. ஆனால் சொல்கிறவரின் தோள் அகலம் வேறு, கேட்கிறவரின் தோள் அகலம் வேறு. அவர் படுப்பது மெத்தையில், இவர் படுப்பது பாயில். இந்த இரண்டையும் விசாரிக்காமல் சொல்லப்படும் யோசனை குருட்டாம்போக்கில் பலித்தால்தான் உண்டு.

எங்கள் வீட்டில் அம்மா, என் வீட்டுக்காரர், நான் என்று மூன்று பேர். மூவருக்கும் மூன்று உயரத்தில் தலையணை. அம்மாவின் கழுத்து வலியை முன்னிட்டு நான் படித்ததும், எங்கள் பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும், மெத்தைக் கடையில் காது கொடுத்துக் கேட்டதும் எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு விஷயத்தை உறுதியாக்கிவிட்டன. தலையணையில் முதலில் பார்க்கவேண்டியது உயரம். கடை அலமாரியில் உப்பிக்கொண்டு இருக்கிறதே, அந்த உயரத்தைச் சொல்லவில்லை. உங்கள் தலை அழுந்திய பிறகு மிஞ்சும் உயரம். பஞ்சா, ஃபோமா, ரப்பரா என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் இருக்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால் அவை நேர்க்கோடாக நிற்பதில்லை, முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். அதன் மேல் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை. பகலெல்லாம் பிடரித் தசைகளும் கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு ஓடும் தசைகளும் அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. படுத்த பிறகாவது அவை விட்டு ஓயவேண்டும். தலையணை அதிக உயரமாக இருந்தால் கழுத்து மேல்பக்கமாக மடங்கிக் கிடக்கும், தாழ்வாக இருந்தால் கீழ்ப்பக்கமாக. விழித்திருக்கும்போது அப்படிக் கோணலாக ஐந்து நிமிடம் இருந்தாலே நாமாக நிமிர்ந்துவிடுவோம். உறக்கத்தில் மணிக்கணக்காக அப்படியே கிடப்போம். ஒரு பக்கத்துத் தசைகளும் மூட்டைச் சுற்றிய இணைப்புத் திசுக்களும் இழுபட்டுக்கொண்டே இருக்க, மறுபக்கத்து மூட்டுகள் நெருக்குண்டு கிடக்கும். காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறக்கும்போது கழுத்து திரும்ப மறுக்கிறது. வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் பூண்டு ரசம் வைக்கிறோம். பல நேரங்களில் வலி வந்த வழி தலைமாட்டிலேயே இருக்கும்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பது நீங்கள் எப்படிப் படுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மல்லாந்து படுக்கிறவருக்கு நிரப்பவேண்டிய இடைவெளி குறைவு. தலையின் பின்பக்கத்துக்குச் சற்றே உயரம், பிடரிக் குழிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தாங்கல், அவ்வளவுதான். முகவாய் நெஞ்சைப் பார்த்து இறங்கக் கூடாது, கூரையைப் பார்த்து ஏறவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கிறவருக்குக் கணக்கே வேறு. காதுக்கும் படுக்கைக்கும் நடுவே தோளின் அகலம் முழுவதும் இடைவெளியாக நிற்கிறது. அதைத் தலையணைதான் அடைக்கவேண்டும். ஆகவே மல்லாந்து படுப்பவரின் தலையணை ஒருக்களித்துப் படுப்பவருக்குப் பெரும்பாலும் பற்றாது. ஒரே கட்டிலில் படுக்கும் கணவனும் மனைவியும் ஒரே மாதிரி ஜோடித் தலையணை வாங்குவது பார்க்க அழகாக இருக்கும். தோள் அகலமும் படுக்கும் விதமும் வேறுபட்டால் இருவரில் ஒருவர் கழுத்தாவது அதற்கு விலை கொடுக்கும்.

குப்புறப் படுப்பவர்களுக்கு எந்தத் தலையணையும் முழுத் தீர்வு தராது. மூச்சு விடுவதற்காக முகத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பியாக வேண்டும், இரவெல்லாம் கழுத்து முறுக்கிக்கொண்டே கிடக்கும். தலைக்கு மிக மெல்லியதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒன்றுமே வேண்டாம். அதைவிட நல்லது, நீளத் தலையணை ஒன்றை அணைத்துக்கொண்டு மெல்ல ஒருக்களித்துப் படுக்கப் பழகுவது. வயிற்றுக்கு ஏதோ ஒன்று தாங்கலாக இருக்கிறது என்ற உணர்வு அதிலும் கிடைப்பதால் பழக்கம் சீக்கிரம் மாறும்.

அடுத்தது படுக்கை. தலையணை பற்றி எழுதுகிறவர்கள் மிகக் குறைவாகப் பேசுவது இதைத்தான். நம் வீடுகளில் இது பெரிய விஷயம். மென்மையான மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தால் தோள் உள்ளே புதைகிறது. புதைந்த அளவுக்குத் தலைக்கும் படுக்கைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. எனவே தாழ்ந்த தலையணை போதும். கோரைப்பாய் விரித்துத் தரையில் படுக்கிறவருக்குத் தோள் ஒரு இம்மிகூடப் புதையாது. அவர் ஒருக்களித்துப் படுத்தால் முழுத் தோள் அகலத்துக்கும் உயரம் தேவை. அதாவது, தலையணை மிகவும் தேவைப்படுவது பாயில் ஒருக்களித்துப் படுப்பவருக்கு. நம் ஊர் நடப்பு இதற்கு நேர் எதிர். மெத்தைக்கு இரண்டு உப்பிய தலையணை, பாய்க்கு வெறும் கை அல்லது சுருட்டிய துண்டு. திண்ணையில் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்த தாத்தாவுக்குக் கழுத்து வலி வரவில்லையே என்று கேட்பார்கள். அவர் மல்லாந்து படுத்தார், சுருட்டிய துண்டு பிடரிக் குழியை நிரப்பியது, அவருக்கு அது பொருத்தம். அதே துண்டை வைத்துக்கொண்டு அதே திண்ணையில் ஒருக்களித்துப் படுக்கும் பேரனுக்கு அது பொருந்தாது.

இதை முதலில் எனக்கு உரக்கச் சொன்னவர் மருத்துவர் யாருமில்லை. மதுரையில் எங்கள் பக்கத்தில் இலவம் பஞ்சு மெத்தை தைத்துத் தரும் கடைக்காரர் ஒருவர். அம்மாவுக்குத் தலையணை வேண்டும் என்று போய் நின்றேன். விலை சொல்லுமுன் அவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"அம்மா படுக்கிறது கட்டில்லயா, கீழயா?"

"கட்டில்தாண்ணே. மேல கெட்டி மெத்தை."

"ஒருக்களிச்சுப் படுப்பாங்களா, மல்லாந்தா?"

"பெரும்பாலும் ஒருக்களிச்சுத்தான்."

"முதுகு கூனு கீனு இருக்கா?"

"லேசா இருக்குண்ணே."

"அப்ப நான் கொஞ்சம் கம்மியா அடைச்சு ஒரு ஓரத்தை மட்டும் கையால தச்சுத் தர்றேன். நாலஞ்சு நாள் படுக்கச் சொல்லுங்க. உசரம் பத்தலைன்னா கொண்டாங்க, ஒரு பிடி போட்டு மூடிருவோம். ஒரேயடியா அடைச்சுட்டா அப்புறம் யாருக்கும் ஆகாதும்மா."

இந்த நான்கு வரிகளில் இருந்த அறிவை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. படுக்கை, படுக்கும் விதம், முதுகின் வடிவம், கடைசியாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதி. ஜப்பானில் யமதா ஷுவோரி என்ற எலும்பியல் மருத்துவர், தன் மருத்துவமனையிலேயே தலையணைக்கென்று தனிப் பிரிவு வைத்திருப்பவர், செய்வதும் அடிப்படையில் இதையேதான். அவர் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வீட்டுத் தலையணை வெகு எளிமையானது. வாசலில் போடும் கெட்டியான மிதியடி விரிப்பை மடித்து அடியில் வைத்து, அதன் மேல் துண்டுப் போர்வையை மடித்துப் போட்டு, ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டியும் குறைத்தும் மில்லிமீட்டர் கணக்கில் உயரத்தைச் சரிசெய்வது. சரியான உயரம் வந்துவிட்டதா என்பதற்கு அவர் பார்க்கும் அடையாளம், சிரமமில்லாமல் புரள முடிகிறதா என்பது. ஓர் இரவில் நாம் பலமுறை புரள்கிறோம். தலையணை தடுத்தால் ஒவ்வொரு புரளலுக்கும் கழுத்துத் தசை வேலை செய்யவேண்டியிருக்கிறது.

இதை நம் வீட்டில் செய்துபார்க்க மிதியடி தேட வேண்டாம். கெட்டியான ஜமக்காளம் ஒன்றும் மெல்லிய துண்டுகள் சிலவும் போதும். நீங்கள் வழக்கமாகப் படுக்கும் அதே படுக்கையில்தான் செய்ய வேண்டும், கூடத்துச் சோபாவில் செய்து பயனில்லை. ஜமக்காளத்தைத் தலையணை அகலத்துக்குத் தட்டையாக மடித்து வையுங்கள். அதன் மேல் ஒரு துண்டு. ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள். தோள் தலையணைக்கு வெளியே இருக்கவேண்டும், தலையும் கழுத்தும் மட்டும் மேலே. தோளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டால் உயரக் கணக்கு முழுக்கப் பாழாகிவிடும். இப்போது வீட்டில் யாரையாவது உங்கள் முகத்துக்கு நேரே ஒரு படமும் முதுகுப் பக்கம் ஒரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். முன்படத்தில் மூக்கு, முகவாய், இரண்டு காறையெலும்புகளுக்கு நடுவே உள்ள குழி மூன்றும் ஒரே கோட்டில், படுக்கைக்கு இணையாக வரவேண்டும். பின்படத்தில் கழுத்து முதுகுத்தண்டின் நேர்க்கோட்டிலேயே தொடரவேண்டும். தலை படுக்கையை நோக்கிச் சாய்ந்திருந்தால் இன்னொரு துண்டு. மேல்நோக்கி ஏறியிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். கோடு நேரானதும் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு மல்லாந்தும் மறுபக்கமும் புரண்டு பாருங்கள். தலையைத் தூக்கி வைக்காமல் உடம்போடு சேர்ந்து உருண்டால் உயரம் சரி. அப்படியே ஒரு கால்மணி நேரம் கிடந்து பாருங்கள், ஏனென்றால் முதல் நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். எழுந்த பிறகு, தலை இருந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்து ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடைக்கு எடுத்துப்போக வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் கொண்டை போட்டுக்கொண்டு படுக்கிறவர்கள் கொண்டையை அவிழ்த்துவிட்டு அளந்து பாருங்கள். மல்லாந்து படுக்கும்போது கொண்டையின் கனம் தலையை முன்னால் தள்ளி, நல்ல தலையணையைக்கூட உயரமானதாக்கிவிடும். சடையைத் தளர்த்தி ஒரு பக்கமாகப் போட்டுக்கொள்வது கழுத்துக்கு நல்லது.

கடையில் அட்டையில் அச்சிட்டிருக்கும் உயரம் யாரும் தலை வைக்காதபோது உள்ள உயரம். 15 சென்டிமீட்டர் என்று போட்ட ஃபைபர் தலையணை உங்கள் தலைக்கடியில் 6 சென்டிமீட்டராகப் போகலாம். அதே 15 சென்டிமீட்டர் கெட்டி லேடெக்ஸ் மிகக் கொஞ்சமே இறங்கும். இதைப் பார்க்க எளிய வழி இருக்கிறது. 5 கிலோ அரிசிப் பை ஒன்றை, தலை அளவுக்குக் குறுக்கி மடித்து, தலையணையின் நடுவில் சில நிமிடங்கள் வைத்து, அது அழுந்தி நின்ற இடத்தில் அளக்கலாம். தலையின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். நீங்கள் குறித்துவைத்த எண்ணுக்கு அருகில் வருகிறதா பாருங்கள். கடையில் அரிசிப் பையோடு போய் நிற்கக் கூச்சமாக இருந்தால், திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, உறையைப் பிரிக்குமுன் வீட்டில் வைத்துப் பாருங்கள்.

இனி உள்ளே என்ன இருக்கவேண்டும் என்பது. எனக்கு இலவம் பஞ்சின் மேல் தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இலவ மரத்தையும் வெடித்துத் தொங்கும் காய்களையும் சுட்டிக்காட்டவேண்டியதில்லை. அந்த இழையின் உள்ளே வெறும் குழல், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அது அவ்வளவு லேசு, தண்ணீரிலும் எளிதில் நனையாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர் காக்கும் மிதவை அங்கிகளுக்குள் அடைத்ததும் இந்தப் பஞ்சைத்தான். காற்று உள்ளே புழங்குவதால் தலைக்கு வெக்கை ஏறுவதில்லை. சித்திரை மாதத்து மதுரையில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் குறையும் இருக்கிறது. அழுந்திய இலவம் பஞ்சு தானாக எழும்பாது. சில மாதங்களில் நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் மேடாகி, நீங்கள் பார்த்து வைத்த உயரம் காணாமல் போய்விடும். அவ்வப்போது வெயிலில் காயவைத்துத் தட்டி உதறினால் ஓரளவு மீளும். துவைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறையாவது பிரித்துப் பஞ்சு கூட்டித் தைக்கிறவர் அருகில் இருந்தால் இலவம் பஞ்சு வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு பாருங்கள் என்றுதான் சொல்வேன். வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். பருத்தியைவிட மிகவும் லேசாக இருக்கவேண்டும். கனத்தால் கலப்படம் இருக்கிறதா என்று கேளுங்கள். பருத்தித் தலையணை இலவத்தைவிடச் சீக்கிரம் கட்டியாகிவிடும், கழுத்து வலிக்காரர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

பெரும்பாலான வீடுகளில் இப்போது இருப்பது பாலியெஸ்டர் ஃபைபர். மலிவு, மெஷினில் துவைக்கலாம். ஆனால் உயரத்தைக் காப்பாற்றத் தெரியாதது. இரண்டாக மடித்துக் கையை எடுங்கள். சட்டென்று விரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. மடித்தபடியே கிடந்தால் அது கால்மாட்டுக்குப் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது. பலர் தட்டையாகிப்போன இரண்டை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிறார்கள். அது இரவில் நழுவி ஒன்றரையாகிறது, கழுத்து எந்த உயரத்தில் விடிந்தது என்பது யாருக்கும் தெரியாது.

மெமரி ஃபோம் 1966 வாக்கில் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தைக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது. உடம்புச் சூட்டில் இளகி நம் வடிவத்துக்கு ஏற்ப அமர்வதுதான் அதன் குணம். அந்தக் குணமே நம் ஊரில் கவனிக்கவேண்டியது. ஏசி ஓடும் அறையில் கெட்டியாக நிற்கும் அதே தலையணை, மின்சாரம் போன மே மாத இரவில் கூடுதலாக இளகி இறங்கும். கடையின் குளிர்ந்த அறையில் கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெக்கையையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். குளிர்ந்த அறையில் படுக்கிறவர்களுக்கும், படுத்தால் அதிகம் புரளாதவர்களுக்கும் அது ஒத்துவரும்.

லேடெக்ஸ் என்பது ரப்பர் பாலை நுரையாக்கி வேகவைத்துச் செய்வது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரத்திலிருந்து வடித்தெடுக்கிறார்களே, அதே பால். அழுத்தினால் இறங்கும், விட்டால் உடனே எழும்பும். வெயில் காலம், மழைக்காலம் என்று உயரம் பெரிதாக மாறாது. ஆஸ்திரேலியாவில் சூசன் கோர்டன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒருக்களித்துப் படுப்பவர்களிடம் பாலியெஸ்டர், சாதா ஃபோம், வளைவு வடிவ ஃபோம், இறகு, லேடெக்ஸ் என்று ஒவ்வொன்றையும் ஒரு வாரம் கொடுத்து, காலையில் கழுத்து இறுக்கம், தலைவலி, தோள், கை வலி எப்படி என்று கேட்டார்கள். லேடெக்ஸ் முன்னால் நின்றது, இறகு கடைசியில். வளைவு வடிவ ஃபோமுக்கு மற்றவற்றைவிடத் தனிச் சிறப்பு எதுவும் தெரியவில்லை. மெடிக்கல் கடையில் கூடுதல் விலைக்கு விற்கும் அலை வடிவத் தலையணையைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் இதைச் சொல்கிறேன். அந்த அலையின் உயரம் உங்கள் அளவுக்குத் தற்செயலாகப் பொருந்தினால் அது நல்ல தலையணை, பொருந்தாவிட்டால் அதன் மேல் எழுதியிருக்கும் 'ஆர்த்தோ' என்ற சொல் கழுத்தைத் தாங்காது.

லேடெக்ஸ் வாங்குகிறவர்கள் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு படுக்கிறோம். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் நாளடைவில் இளகிக் கெட்டுப்போகும். வெயிலும் அதற்கு ஆகாது, பஞ்சுத் தலையணையோடு சேர்த்து மொட்டை மாடியில் போட்டால் பொடியத் தொடங்கிவிடும். கெட்டியான உள்ளுறை ஒன்று, அதன் மேல் வாரம் ஒருமுறை மாற்றும் பருத்தி உறை ஒன்று என்று இரண்டு போடுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

விலை கொடுத்து வாங்க முடிகிறவர்களுக்கு என் தேர்வு, ஜிப் வைத்த உறைக்குள் துண்டு துண்டாக வெட்டிய லேடெக்ஸோ ஃபோமோ அடைத்து வருவது. வேண்டாததை எடுத்து ஒரு பையில் கட்டிவைத்துவிட்டு, உங்கள் எண் வரும்வரை குறைக்கலாம். எங்கள் மெத்தைக் கடைக்காரர் ஓர் ஓரத்தைப் பிரிக்க வசதியாகக் கையால் தைத்துக் கொடுத்ததும் இதே காரியத்துக்குத்தான். அவருடையது விலையில் பாதிக்கும் கீழே.

வயதானவர்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் தவறான யோசனை மிகவும் துன்பப்படுத்துகிறது. அம்மாவுக்குக் கழுத்து வலி என்றதும் தெரிந்தவர் ஒருவர் தலையணையை அடியோடு நிறுத்தச் சொன்னார். அம்மாவும் நம்பி நிறுத்தினார். மேல்முதுகு கூனிய ஒருவர் மல்லாந்து படுத்தால் தலை படுக்கையைத் தொடுவதே இல்லை. தலையணை இல்லாதபோது தலை பின்னால் தொங்குகிறது, முகவாய் மேலே போகிறது, கழுத்தின் பின்பக்க மூட்டுகள் நசுங்குகின்றன. அம்மாவுக்கு வலி கூடியதோடு எழும்போது தலையும் சுற்றியது. பிசியோதெரபிஸ்ட் செய்ததெல்லாம், அம்மா நேராகச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கும்போது தலைக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று காட்டியதுதான். அந்த இடைவெளிதான் படுக்கையில் நிரப்பப்படவேண்டியது. கூன் உள்ள பெற்றோரிடம் தலையணையைப் பிடுங்காதீர்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் உயரம்தான் தேவை.

நெஞ்செரிச்சலுக்காக மூன்று தலையணை அடுக்கிப் படுக்கும் வழக்கமும் கழுத்தைத்தான் பதம் பார்க்கிறது. அடுக்கும்போது கழுத்து மட்டும் மடிகிறது, வயிறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கெட்டியான மரக்கட்டை கொடுத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தினால் உடம்பு முழுதும் சாய்வாகும், தலையணை பழைய உயரத்திலேயே இருக்கலாம்.

கைக்குழந்தைகளுக்கோ தலையணையே கூடாது. தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகு அடைத்த சிறு தலையணை வாங்கிக்கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். ஆசையோடு செய்வதுதான். ஆனால் முதல் வருடத்தில் குழந்தையின் படுக்கையில் தலையணை, மெத்தென்ற துணி எதுவும் இருப்பது மூச்சு அடைபடும் ஆபத்து என்று குழந்தை மருத்துவர்கள் திட்டவட்டமாகச் சொல்கிறார்கள். தட்டையான படுக்கையில் மல்லாத்திப் படுக்கவைத்து, விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு குப்புறப் போட்டு விளையாடவிட்டால் போதும், தலை தானாக உருண்டையாகும்.

புதுத் தலையணை வந்த முதல் சில இரவுகள் அந்நியமாக இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். இரண்டு, மூன்று வாரம் பாருங்கள். காலையில் பிடரியும் தலையின் பின்பக்கமும் இழுத்தால் பெரும்பாலும் உயரம் கூடுதல். ஒருக்களித்துப் படுத்து எழுந்தபின் கீழே இருந்த தோள் மரத்துப்போய் வலித்தால், அல்லது தூக்கத்தில் கை தானாகத் தலையணைக்கு அடியில் போய்ச் சேர்ந்தால், உயரம் பற்றவில்லை. உடம்பே கையை வைத்து நிரப்பப் பார்க்கிறது. மெத்தையை மாற்றினாலும், உடல் எடை நன்றாக ஏறினாலும் இறங்கினாலும் துண்டு மடித்து மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள்.

எழும்போது வலி இல்லை, மாலை ஆக ஆகத்தான் ஏறுகிறது என்றால் தலையணையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குனிந்து பார்க்கும் போனையும், தாழ்வான லேப்டாப்பையும், தையல் மெஷின் முன் உட்காரும் விதத்தையும் பார்க்கவேண்டும். வலி கையில் இறங்கி விரல்கள் மரத்துப்போகின்றன, டம்ளர் பிடி நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போடச் சிரமமாகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் தலையணைக் கடைக்குப் போகாமல் எலும்பியல் மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்துத் தலைவலியும் வாந்தியும் இருந்தாலோ, விழுந்தோ வண்டியில் அடிபட்டோ வலி வந்திருந்தாலோ அன்றைக்கே போகவேண்டும். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையுமாகக் கழுத்து, தாடை, இடது கை வலித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். வலிக்கிற கழுத்தைச் சுளுக்கு எடுக்கிறேன் என்று சொடக்கென்று திருப்ப யாரையும் விடாதீர்கள். கழுத்தெலும்புகளின் ஊடாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன.